'ஏமாந்துட்டேன்' என்றாள் பூமாரி

இங்கிலீஷில் ஏமாற்று வேலைக்கு எத்தனை வார்த்தை உண்டு என்று நாணுவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவார். பம்பாய் மாட்டுங்காவில் அவர் குடியிருக்கும் கட்டடத்தில் இது எல்லாருக்கும் தெரியும். லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொண்டால் நாலாவது மாடி வருவதற்குள் ஏதாவது ஒரு வார்த்தையின் பூர்வீகம் காதில் விழுந்துவிடும். அவர் மனைவி நாகலக்ஷ்மிக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. "ஊரை ஏமாத்தறவன் எவனாவது டிக்‌ஷனரியைப் பார்த்துண்டா ஏமாத்தறான்?" என்பாள்.

இந்தப் பழக்கம் அவரைப் பிடித்தது இருபத்தாறு வயதில். ஃபோர்ட் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் செக்‌ஷனில் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காட்கோபரில் மளிகைக்கடை வைத்திருந்த சுடலைக்கண்ணன் என்பவர், மழைத்தண்ணீர் கடைக்குள் புகுந்து சரக்கெல்லாம் நாசமாகிவிட்டதென்று மனு கொடுத்திருந்தார். அவர் வைத்த ரசீதுகளில் இரண்டில் தேதி உதைத்தது. நாணு ஃபைலின் ஓரத்தில் 'ஃப்ராடுலென்ட்' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை எழுதியபோது, தான் ஆபீசராகவே ஆகிவிட்டதுபோல் இருந்தது அவருக்கு.

பத்து நாள் கழித்துச் சுடலைக்கண்ணன் நேரே வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை. கம்பெனி அனுப்பிய கடுதாசியை விரித்து, அந்த வார்த்தைமேல் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தப்பு இருக்கிறது என்று அர்த்தம் என்றார் நாணு.

"கைதவறி வந்த தப்பா தம்பி, நான் வேணும்னே செஞ்ச தப்பா?"

 வேண்டுமென்றே செய்தால்தான் அந்த வார்த்தையைப் போடலாம் என்பது நாணுவுக்கு அன்று சாயங்காலம் ஆபீஸ் நூலகத்தில் தடிமனான ஒரு அகராதியைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. விசாரித்ததில், ரசீதைக் கொடுத்த மொத்தவியாபாரி போன மாதத்து முத்திரையைக் குத்திவிட்டார், விஷயம் அவ்வளவுதான். மறுநாள் தான் எழுதியதைத் தானே அடித்துக் கையெழுத்துப் போட்டு, மேலே போய்த் திட்டும் வாங்கிக்கொண்டார். கிளெய்ம் நாலு மாதம் கழித்துப் பாஸாயிற்று. சுடலைக்கண்ணன் பிறகு வரவே இல்லை. ஆனால் அகராதியை நாணு விடவில்லை.

காலை எட்டு இருபத்திரண்டு வண்டியில் வி.டி. ஸ்டேஷனுக்குப் போகும் கூட்டத்தில் அவருக்கு ஒரு ஜன்னலோரம் உண்டு. எதிரே கேஷவ் என்கிற மராட்டிக்காரர், துறைமுகத்தில் வேலை. வண்டி பைகுல்லா தாண்டுவதற்குள் நாணு ஒரு வார்த்தையை எடுத்து விடுவார். 'டூப்' என்பது பிரெஞ்சில் கொண்டலாத்திக் குருவியின் பேராம். அந்தக் குருவி மகா அசடு என்று அந்த ஊரில் நினைத்திருக்கிறார்கள். 'ஸ்விண்டில்' ஜெர்மன்காரன் கொடுத்தது, முதலில் தலைசுற்றல் என்றுதான் அர்த்தம். 'பாம்பூசில்' எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை ஒருத்தருக்கும் நிச்சயமில்லை, படித்தவர்களையே சுற்றவிட்ட வார்த்தை அது. 'ஹூட்விங்க்' என்பது தலையோடு துணியைப் போட்டுக் கண்ணை மறைப்பது. இதைச் சொன்ன அன்று கேஷவ் தொடையைத் தட்டிச் சிரித்தார். டோப்பி போட்டுவிட்டான் என்று பம்பாயில் தினமும் சொல்கிறோமே, அதுதானே இது என்றார். எங்கள் தமிழிலும் குல்லா போடுவது என்றுதான் பேர் என்றார் நாணு. மோசக்காரனைக் குறிக்கும் 'தக்' என்ற வார்த்தையை வெள்ளைக்காரன் இங்கிருந்துதான் கொண்டுபோனான் என்று தெரிந்தபோது, தன் வீட்டுப் பாத்திரத்தை வெளியூரில் பார்த்தவர்போலக் கேஷவுக்கு ஒரே பெருமை.

நாணுவுக்கு மனசுக்கு நெருக்கமான வார்த்தை ஒன்று உண்டு. 'சீட்', அதாவது ஏமாற்றுவது. அது 'எஸ்சீட்' என்பதிலிருந்து உதிர்ந்தது. வாரிசில்லாமல் ஒருவன் செத்தால் அவன் நிலம் ராஜாவுக்குப் போகும், அதற்குப் பேர் எஸ்சீட். அதை விசாரித்து எடுத்துக்கொள்ள வந்த உத்தியோகஸ்தர்கள், வாரிசு இருந்த நிலத்தையும் சேர்த்து வளைத்துப் போட்டார்கள். ஜனங்கள் அந்த உத்தியோகத்தின் பேரையே மோசடிக்கு வைத்துவிட்டார்கள். கையில் காகிதத்தோடு வந்து, சட்டம் பேசி, இருக்கிற இடத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன். அந்த ஆளை நாணு மனசுக்குள் தெளிவாகவே பார்த்திருந்தார்.

ஐம்பத்தெட்டாவது வயதில் ரிட்டயரானார். மகன் கண்ணா கோபர்கைரனேவில் தனியாக இருந்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவரை நாகலக்ஷ்மியால் சகிக்க முடியவில்லை. கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவரை மனுப் போட வைத்தவள் அவள்தான். சாட்சி தமிழில் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும், கேள்வியைத் தமிழில் கேட்க வேண்டும். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவேன் என்று ஒவ்வொரு தடவையும் சத்தியப் பிரமாணம். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் ஒன்றுமில்லை. ஆறு வருஷம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடிற்று, பூமாரி சாட்சி சொல்ல வந்த நாள்வரை.

பூமாரிக்கு நாற்பத்தாறு வயது. தாராவியில் தோல்பை தைக்கும் வேலை. புருஷன் போன பிறகு, கீழே குடியிருப்பு, மேல் அறையில் தையல் மெஷின் என்று இரண்டே அறையை வைத்துக்கொண்டு மகளைப் படிக்க வைத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். அந்தச் சந்தில் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் ஜனங்கள் எடுத்துக்கொண்டு போவது கணேசபாண்டியனிடம். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பள்ளிக்கூடக் கடுதாசி எல்லாவற்றையும் சளைக்காமல் வாசித்துச் சொல்லுவார். காசு வாங்கமாட்டார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தண்ணீர்க் குழாய்க்கு மனு என்று சொல்லி அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். வாசித்துக் காட்டினார். பூமாரி கையெழுத்துப் போட்டாள். எட்டு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவன் பூட்டோடு வந்து, மேல் அறை தன்னுடையது என்றான். காகிதத்தில் இருந்தது தண்ணீர்க் குழாய் இல்லை. மேல் அறையைக் கணேசபாண்டியனின் மைத்துனன் பேருக்கு விட்டுக்கொடுத்திருந்தாள் பூமாரி. பூட்டோடு வந்தவன் மைத்துனனிடம் அதை வாங்கியவன். பூமாரி போலீசுக்குப் போனாள். மோசடி வழக்கு பதிவாகி, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அவள் முறை வருவதற்கு இத்தனை நாளாயிற்று.

கூண்டில் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். எதிரே கணேசபாண்டியன், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அரசு வக்கீல் பேர், ஊர், தொழில் எல்லாம் கேட்டுவிட்டு, காகிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்றார். ஆமாம் என்றாள். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டார். நாணு தமிழில் கேட்டார். 

"நான் ஏமாந்துட்டேன் சார்."

நாணு இங்கிலீஷில், "அவர் என்னை ஏமாற்றினார்" என்றார். அவர் போட்ட வார்த்தை அந்த 'சீட்'தான். காகிதத்தோடு வந்து இடத்தை வளைத்தவன். வார்த்தை தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துவிட்டது. டைப்பிஸ்ட் அடித்தும்விட்டார்.

எதிர்த்தரப்பில் பெரிய வக்கீலுக்குப் பக்கத்தில் அவருடைய ஜூனியர், ஒரு சின்னப்பெண், எழுந்தாள். மானசா என்று பேர், செம்பூர்ப் பெண், தமிழ் வீட்டில் வளர்ந்தவள். மொழிபெயர்ப்புக்கு ஆட்சேபம் தெரிவிப்பதாக நிதானமாகச் சொன்னாள். சாட்சி 'அவர்' என்று சொல்லவே இல்லை, யாரும் எதுவும் செய்ததாகவும் சொல்லவில்லை, தனக்கு நேர்ந்ததை மட்டும்தான் சொன்னார் என்றாள்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாணுவைப் பார்த்தார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

சமாளிக்க வழி இருந்தது. தமிழில் இப்படிச் சொன்னால் அப்படித்தான் அர்த்தம், எங்கள் பாஷையின் வழக்கம் அது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அறுபத்துநாலு வயதுக்காரர் பேச்சை அந்தப் பெண்ணின் பேச்சுக்கு மேலாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவள் சொன்னது சரி. ஏமாந்தேன் என்பது விழுந்தேன், தொலைந்தேன் என்பதுபோல. தள்ளிவிட்டவன் அந்த வார்த்தைக்குள் இல்லை. நாற்பது வருஷமாக இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரித்துப் போட்டுக் காயவைத்தவருக்கு, சொந்த வீட்டில் புழங்கும் வார்த்தையில் இருந்த இந்தச் சங்கதி அந்த நிமிஷம் வரை கண்ணில் பட்டதே இல்லை. கணேசபாண்டியன் செய்த வேலைக்கும் இப்போது தான் செய்ததற்கும் அளவில்தான் வித்தியாசம் என்றும் தோன்றியது. இல்லாததை இருப்பதாக வாசித்தாயிற்று.

ஆட்சேபம் சரிதான், தவறு என்னுடையது, திருத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார்.  சாட்சி சொன்னதற்கு 'நான் தவறாக நம்பிவிட்டேன்' என்றும் கொள்ளலாம், 'நான் ஏமாற்றப்பட்டேன்' என்றும் கொள்ளலாம், யாரால் என்று அவர் சொல்லவில்லை என்று இங்கிலீஷில் விளக்கினார். மாஜிஸ்ட்ரேட் பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதச் சொன்னார். பெரிய வக்கீல் பேனா மூடியைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார்.

பூமாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தனக்கு எதிராகப் போகிறதென்று மட்டும் தெரிந்தது. என்ன ஆச்சு சார் என்று மெல்லக் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நாணுவுக்கு உரிமை கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரசு வக்கீல் எரிச்சலோடு வேறு வழியாக வந்தார். அன்றைக்கு அந்தக் காகிதத்தில் என்ன இருப்பதாக உங்களுக்குச் சொன்னார்கள் என்றார். பூமாரி நிமிர்ந்தாள். எழுத்துத் தெரியாதவள், அதனால் காதில் விழுந்ததை விடுவதில்லை. அன்று வாசித்ததை வரிவரியாக ஒப்பித்தாள். மேற்படி சந்தில் குடியிருக்கும் பூமாரி ஆகிய நான் பணிவாகக் கேட்டுக்கொள்வது என்று தொடங்கி, தினம் காலையில் தண்ணீருக்கு அரைமணி நடக்க வேண்டியிருக்கிறது, பெண்குழந்தை உள்ள வீடு, தயவுசெய்து குழாய் இணைப்பு தர வேண்டும் என்பதுவரை. ஒவ்வொரு வரிக்கும் அண்ணாச்சி விரலை நகர்த்தியதையும், பெண்குழந்தை என்ற இடத்தில் தான் அழுததையும் சொன்னாள். நாணு ஒரு சொல் விடாமல் சொன்னார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மானசாவின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்.

அப்புறம் அரசு வக்கீல், அசல் பத்திரத்தைச் சாட்சிக்குத் தமிழில் வாசித்துக்காட்ட அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். நாணு காகிதத்தைக் கையில் வாங்கினார். இரண்டு பக்கம். மேல் அறை, அதன் நீள அகலம், படிக்கட்டு, ஜன்னல், எல்லா உரிமையையும் என் முழுமனதோடு விட்டுக்கொடுக்கிறேன், எனக்கோ என் வாரிசுக்கோ இனி எந்தப் பாத்தியதையும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவள் முதன்முறையாகக் கேட்டாள். வாசித்து முடிந்த பிறகும் இன்னும் வருமென்று நின்றாள்.

"அவ்வளவுதாம்மா," என்றார் நாணு.

"இதுல தண்ணிங்கற வார்த்தையே இல்லையே சார்."

மாஜிஸ்ட்ரேட் கேட்கும்முன்னே நாணு அதை இங்கிலீஷில் சொன்னார். பூமாரி அதற்குள் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். குரல் உயரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, தண்ணின்னு எங்கேருந்து வாசிச்சிய?"

கணேசபாண்டியன் தலையைத் தூக்கவில்லை. சாட்சி என்ன சொன்னார் என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். நாணு அவசரப்படவில்லை. 'மூத்த அண்ணனே, தண்ணீர் என்று எந்த இடத்திலிருந்து வாசித்தீர்கள்?' அப்படியே, அந்த அண்ணனையும் சேர்த்துச் சொன்னார். மானசா எழுந்திருக்கவில்லை. டைப்பிஸ்ட் அதையும் அடித்து முடித்தார்.

வெளியே நடையில் மானசா அவரைத் தேடி வந்தாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் மாமா, என் வேலை அது என்றாள். நாணு, நீ எழுந்திருக்காவிட்டால்தான் தப்பு என்றார். 

வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது நாகலக்ஷ்மியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகி வந்த புதுசுல, பட்டுன்னு சொல்லி ஒருத்தன் வாசல்ல வந்து என் தலைல ஒரு புடவையைக் கட்டினானே, ஞாபகம் இருக்கா? அப்போ நானும் ஏமாந்துட்டேன்னுதான் சொன்னேன். நீங்களும் ஏமாந்துட்டியேன்னுதான் கேட்டேள். அவனை ரெண்டு பேருமே ஒண்ணும் சொல்லலை." நாணு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏமாந்தவர்கள் எல்லாரும் குற்றத்தைத் தங்கள் பேரிலேயே எழுதிக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. சொன்னால் அவள் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

வழக்கு முடிய இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. கணேசபாண்டியன் குற்றவாளி என்று தீர்ப்பு. இன்ன வாசகத்தை வாசித்துக் காட்டினார் என்று சாட்சி சொன்ன விவரத்தை மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பில் முழுதாகவே எடுத்துப் போட்டிருந்தார். மைத்துனனும் பயந்துபோய், பூட்டோடு வந்தவனைச் சரிக்கட்டி, அந்தப் பத்திரத்தை ரத்துசெய்து எழுதிக்கொடுத்தான். பூமாரியின் மெஷின் மறுபடியும் மேலே ஏறிற்று.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாட்டுங்கா பூக்கடைச் சந்தில் அவள் நாணுவைப் பார்த்துவிட்டாள். வழக்கு முடிந்தாயிற்று, இனிப் பேசலாம். அன்றைக்கு அந்தப் பெண் எழுந்து என்ன சார் சொன்னாள் என்று கேட்டாள். இத்தனை மாதமும் அதுதான் அவள் மனசில் கிடந்திருக்கிறது. நாணு ஓரமாக ஒதுங்கி நின்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"நீங்க முதல்ல சொன்னதுதானே சார் நெசம்?"

"நெசம்தான். ஆனா நீங்க சொன்னது அது இல்லையே."

அவள் பூவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "சரிதான். இல்லாததை வாசிக்க எங்க சந்துக்கு ஒரு ஆளே போதும்" என்றாள். பிறகு சிரித்தாள். நாணுவும் சிரித்தார். போகும்போது, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வரமுடியுமா என்று கேட்டாள். அண்ணாச்சியிடம் வாசிக்கக் கொடுத்தவர்கள் எல்லாரும், தாங்கள் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாமல் திண்டாடுகிறார்களாம்.

அவர் போனார். அந்த மேல் அறையில், மெஷினை ஓரம் தள்ளிவிட்டு, பதினோரு பேர் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் காகிதத்தைத் தொடும்முன் நாணு ஒரு நிபந்தனை போட்டார். நான் வாசிப்பதை நம்பக்கூடாது, இங்கிலீஷ் தெரிந்த இன்னொரு ஆள் வேண்டும், இரண்டு பேரும் தனித்தனியே வாசித்து ஒத்துப்போனால்தான் கணக்கு என்றார். பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரிய மனுஷரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அவரைச் சோதிப்பதா என்று ஒரு கிழவர் சங்கடப்பட்டார். பூமாரிதான் எழுந்துபோய் எதிர்வீட்டு ரஷீதாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், முப்பது வயது. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷ் நன்றாகவே வரும்.

முக்கால்வாசி சாதாரணக் காகிதம்தான். காஸ் இணைப்பு, பள்ளிக்கூடம், ஒருவருக்கு எப்போதோ முடிந்துபோன குலுக்கல் சீட்டு. ஒரு பெண்ணின் வாடகை ஒப்பந்தத்தை நாணு வாசித்து முடித்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை ரஷீதா பக்கம் நகர்த்தினார். அவள் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தவள், விரலை ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அங்கிள், ஏழாவது லைனை விட்டுட்டீங்க."

நாணு வாங்கிப் பார்த்தார். விட்டுத்தான் இருந்தார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, காலி செய்ய ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்ற வரி. ஆனால் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த பெண் அதைக் கேட்கவே காத்திருந்தவள்போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஆறாவது வரியிலிருந்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தார்.